நூற்றுக்கு எத்தனை வருத்தம்

வடிகால் வாரியத்தில் புரோகிராமருக்கு ஆறு மாத ஒப்பந்த வேலை கிடைத்த அதே வாரம்தான் அவனுடைய மாமியார் வடிகால் வாரியத்தின் குழிக்குள் விழுந்தார். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. வேலைக்கு அவன் விண்ணப்பித்திருந்தான். குழிக்கு அவர் விண்ணப்பிக்கவில்லை.

வீட்டு வாசலிலிருந்து எண்ணிப் பதினோராவது எட்டில் அந்தப் பாதாளச் சாக்கடைக் குழி இருந்தது. அதன் மூடி எப்போது போனது என்று தெருவில் யாருக்கும் நினைவில்லை. மழைத் தண்ணீர் தெருவை நிரப்பியிருந்த ஒரு காலையில், மருந்துக் கடைக்குக் கிளம்பிய மாமியார் கழுத்து வரை உள்ளே இறங்கிவிட்டார். தலையை மறைத்து விரித்த குடை தண்ணீருக்கு மேல் நின்றதால்தான் கீழே ஆள் இருப்பது தெரிந்தது. நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள். கணுக்காலில் இரண்டு இடத்தில் முறிவு. முழங்கால் வரை மாவுக்கட்டு போட்டு, முன்னறை ஜன்னல் ஓரத்தில் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அங்கிருந்து பார்த்தால் குழி நன்றாகத் தெரியும்.

மாமியார் ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தில் முப்பத்தொரு வருடம் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் கடிதம் வந்தாலும் முதலில் ஓரத்தில் எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். மாவுக்கட்டு காய்வதற்குள் வாரியத்துக்கு ஒரு பக்கத்தில் புகார் அடித்து அனுப்பிவிட்டார்.

"நீங்கதான் அங்க போறீங்களே. ஒரு மூடிதானே? உள்ள போய் ஒரு வார்த்தை சொன்னா போட்டுட மாட்டாங்களா?" என்றாள் மனைவி. புரோகிராமருக்கும் அப்படித்தான் தோன்றியது.

முதல் நாளே வாரியத் தலைவர் அவனைத் தன் அறைக்கு அழைத்து உட்கார வைத்தார். பெரிய மேஜை. மேஜையில் ஒரு காகிதம்கூட இல்லை.

"தம்பி, நமக்கு ஒரு நாளைக்கு நானூறு புகார் வருது. நானூறுக்கும் வருத்தம் தெரிவிச்சு பதில் போடுறோம். இதுல ஒருத்தரைக்கூட விட்டதில்ல. ஆனா இதுவரைக்கும் அதிகாரிங்க அவங்கவங்களா எழுதினாங்க. அதுல ஆபத்து இருக்கு. போன வருஷம் ஒரு உதவிப் பொறியாளர் 'வெட்கப்படுகிறோம்'னு எழுதிட்டார்." தலைவர் குரலைத் தாழ்த்தினார். "வாரியத்துக்கு வெட்கமே கிடையாதுன்னு நிரூபிக்க எங்களுக்கு மூணு மாசம் ஆச்சு."

புரோகிராமர் தலையாட்டினான்.

"அதனால திரையில ஒரு கோடு. கோட்டு மேல ஒரு குமிழ். வலது பக்கம் இழுத்தா வருத்தம் கூடணும், இடது பக்கம் தள்ளினா குறையணும். கீழே கடிதம் தானா மாறிக்கணும். ஸ்லைடர்னு சொல்றாங்களே, அது. வார்த்தையெல்லாம் வாரியத்தோடது. உணர்ச்சி மட்டும் அதிகாரியோடது."

"செய்யலாம் சார். சார், ஒரு விஷயம்... எங்க தெருவுல ஒரு குழி திறந்து கிடக்கு. என் மாமியார் அதுல விழுந்துட்டாங்க."

"அடடா. புகார் குடுத்தாச்சா?"

"குடுத்தாச்சு சார்."

"அப்புறம் ஏன் கவலைப்படுறீங்க? வருத்தம் வந்துடும்."

எந்தப் பிரவுசரிலும் ஸ்லைடர் ஒன்று தயாராகவே இருக்கிறது. ஒரு வரி எழுதினால் கோடும் குமிழும் வந்து நிற்கும். மவுஸுக்கும் விரலுக்கும் அம்புக்குறி விசைக்கும் நகரும். புரோகிராமர் அந்த ஒரு வரியை எழுதி, அன்று மாலையே ஏழு பேர் கொண்ட குழுவுக்குக் காட்டினான். தலைவர் குமிழை ஒருமுறை இழுத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"இது எல்லாரும் வச்சிருக்கிறதாச்சே. என் பேத்தி பாட்டுச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க இதைத்தான் இழுக்கிறா. பாட்டுச் சத்தமும் வாரியத்தோட வருத்தமும் ஒண்ணா?"

ஆகவே எல்லாவற்றையும் அடியிலிருந்து தானே எழுத வேண்டியதாயிற்று. கோடு போடுவதும் வட்டம் வரைவதும் எளிது. விரல் பட்டதும் குமிழ் பிடிபட வேண்டும். விரல் கோட்டை விட்டு மேலோ கீழோ விலகினாலும் பிடி விடக்கூடாது. விரலை எடுத்த மறுகணம் விட்டுவிட வேண்டும். வேலை அங்கேதான் இருந்தது. முதல் வாரம் அவன் செய்த குமிழ், கையை எடுத்த பிறகும் மவுஸோடு ஒட்டிக்கொண்டு போயிற்று. சோதித்துப் பார்த்த அதிகாரி தேநீர்க் கோப்பைக்காக மவுஸைத் தள்ளி வைக்க, நாற்றம் பற்றிய ஒரு சின்னப் புகாருக்கு வாரியம் வாய்விட்டு அழுதுவிட்டது. நல்லவேளை, சோதனைக் கடிதம்.

முதுநிலை எழுத்தருக்குக் கை நடுக்கம். அவர் இழுத்தால் ஒரே கடிதத்தில் வாரியம் உருகியும் விறைத்தும் போனது. அவருக்காக அம்புக்குறி விசைகளைச் சேர்த்தான். ஒரு தட்டுக்கு ஒரு புள்ளி. உடனே தலைமைப் பொறியாளர் கோபித்துக்கொண்டார்.

"இளநிலைப் பொறியாளர் முப்பத்தேழு வருந்துறார். நானும் அதே முப்பத்தேழா? என் பதவிக்குப் புள்ளிக்கு அப்புறம் ரெண்டு இலக்கமாவது வேணும்."

கொடுத்தான். தலைமைப் பொறியாளர் அதன்பின் முப்பத்தேழு புள்ளி இரண்டு ஐந்து வருந்தினார்.

குமிழ் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பதற்கு நாலு வாரம் கூட்டம் நடந்தது. கண்ணீர்த் துளி வேண்டாம், ஈரமாக இருக்கிறது என்றார்கள். கூப்பிய கை வேண்டாம், கெஞ்சுவது போலிருக்கிறது என்றார்கள். கடைசியில் சாக்கடை மூடி வடிவம் என்று முடிவாயிற்று. மூடிப் பிரிவிலிருந்து ஒரு பொறியாளர் அசல் வரைபடத்தோடு வந்து புரோகிராமரின் தோளுக்குப் பின்னால் நின்று, விளிம்பு, வரிப்பள்ளம், நடுவில் வாரிய முத்திரை என ஒவ்வொன்றையும் சரிபார்த்தார். நாற்பத்து நான்கு பிக்சல் அகலம். அந்த வருடம் வாரியம் செய்து முடித்த ஒரே மூடி அதுதான்.

அடுத்து வந்தவர் சட்ட ஆலோசகர். எப்போதும் கையில் சீவிய பென்சில் வைத்திருக்கும் அம்மாள். அதைக் கொண்டு, திரையைத் தொடாமல் திரைக்கு ஒரு அங்குலம் முன்னால் காட்டிப் பேசுவார்.

"இது நூறு வரைக்கும் போகுதே?"

"ஆமா மேடம், பூஜ்யத்துலேர்ந்து நூறு."

"நூறு வருந்தினா குத்தத்தை ஒத்துக்கிட்ட மாதிரி. எண்பத்து நாலுல நிறுத்திடுங்க. கோடு நூறு வரைக்கும் தெரியட்டும், மனசு இருக்குன்னு தெரியணும். குமிழ் மட்டும் போகக்கூடாது. அறுபதுக்கு மேல இழுக்குறது கஷ்டமா இருக்கணும். விரல் மூணு அங்குலம் போனா குமிழ் ஒரு அங்குலம் நகரட்டும்."

"சரி மேடம்."

"இன்னொண்ணு. வருத்தம்னா நாளாக நாளாகக் குறையணும். அதான் இயற்கை. தினம் ரெண்டு புள்ளி தானா இடது பக்கம் நகர்ந்து வரட்டும். ஒவ்வொரு படி இறங்கும்போதும் புகார்தாரருக்குப் புதுசா ஒரு கடிதம் போகணும். நம்ம வருத்தம் குறைஞ்சது அவங்களுக்குத் தெரியாம இருக்கக்கூடாது, பாருங்க."

படிகள் ஐந்து. ஓரளவு வருந்துகிறோம், வருந்துகிறோம், பெரிதும் வருந்துகிறோம், ஆழ்ந்து வருந்துகிறோம், சொல்லொணா வருத்தம் அடைகிறோம். "பூஜ்யத்துக்கு வந்தா என்ன எழுதணும் மேடம்?" என்று கேட்டான். வருத்தமே இல்லாத கடிதத்தை யார் அனுப்பப் போகிறார்கள் என்று அவர் பென்சிலைச் சீவப் போய்விட்டார். புரோகிராமர் அதைக் குறிப்பாக எழுதி மேலே அனுப்பினான். 'பார்த்தேன்' என்று தலைவரின் சுருக்கொப்பத்தோடு திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினான். மறுபடியும் 'பார்த்தேன்'. பூஜ்யத்தைக் காலியாக விட்டுவிட்டான்.

தொடக்க விழாவில் சுவர் அளவு திரையில் தலைவர் குமிழை இழுத்தார். அறுபதுக்கு மேல் அது கனத்தது. இரண்டு கையாலும், பிறகு தோளைக் கொடுத்தும் இழுத்து, வியர்க்க விறுவிறுக்க எழுபத்தொன்றில் கொண்டுபோய் நிறுத்தினார். கைதட்டல் ஓய்ந்ததும் ஒலிபெருக்கியில் பேசினார்.

"முன்னெல்லாம் ஒரு குழியை மூட ஒன்பது நாள் ஆகும்னு சொல்வாங்க. இன்னைக்கு அதே குழிக்கு ஒன்பதே நொடியில வருந்துறோம். இந்த வேகம் வேற எந்த வாரியத்துக்கும் வராது."

புரோகிராமருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. விரலுக்கு ஏற்ப அவ்வளவு பதமாக நகரும் ஸ்லைடரை அவன் அதற்குமுன் செய்ததில்லை.

ஸ்லைடருக்காக நிறுத்தி வைத்திருந்த பதில்களெல்லாம் கிளம்ப, மறுநாள் மாமியாருக்கு முதல் கடிதம் வந்தது. மாலையில் அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் அவர் படித்துக் காட்டினார்.

"'தங்களுக்கு நேர்ந்த வசதிக்குறைவு குறித்து ஆழ்ந்து வருந்துகிறோம்.' ஓரமெல்லாம் ஒழுங்கா விட்டிருக்காங்க மாப்பிள்ளை. ஆழமா விழுந்தவளுக்கு ஆழ்ந்து வருந்துறாங்க, சரிதான். மூடி எப்ப வரும்னு காணோமே?"

"வரும் அத்தை" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டான்.

ஐந்தாம் நாள் அடுத்த கடிதம். பெரிதும் வருந்துகிறோம். மாமியார் இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பத்து நாள் கழித்து மூன்றாவதைக் கொண்டுவந்த தபால்காரர், மாமியார் ஜன்னலிலிருந்து கத்துவதைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தபடியே குழிக்குள் போனார். முட்டி பிசகியதோடு தப்பித்தார். உள்ளேயிருந்து முதலில் மேலே வந்தது கடிதம்தான். கையை நீட்டி, யாராவது வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். 'வருந்துகிறோம்' என்று மட்டும் இருந்தது அதில்.

"போன தடவை பெரிதும் வருந்தினாங்க. அதுக்கு முந்தி ஆழ்ந்து. இப்ப வெறும் வருந்துகிறோம். நடுவுல நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று கேட்டார் மாமியார். பிறகு அவனை உற்றுப் பார்த்தார். "நீங்க அங்க என்னதான் வேலை பாக்குறீங்க மாப்பிள்ளை?"

இனி மறைக்க முடியவில்லை. மடிக்கணினியைக் கொண்டுவந்து மாவுக்கட்டுக் காலுக்குப் பக்கத்தில் முக்காலியில் வைத்துத் திறந்தான். எட்டிப் பார்த்த மனைவி, நிலைமையைப் புரிந்துகொண்டு சத்தமில்லாமல் சமையலறைக்குள் போய்விட்டாள்.

மாமியார் குமிழை வலது பக்கம் இழுத்தார். கீழே கடிதம் கரைந்து உருகியது. இடது பக்கம் தள்ளினார். இறுகியது. இன்னும் இரண்டு தடவை அப்படியும் இப்படியுமாக இழுத்துப் பார்த்தார்.

"நல்லா வழுக்கிட்டுப் போகுது" என்றார்.

திட்டியிருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு உறைத்திருக்காது. அவர் குமிழைக் கோட்டின் இடது முனைக்குத் தள்ளினார். கீழே தலைப்பும் முத்திரையும் கையொப்பமும் நின்றன. நடுவில் வெறும் தாள்.

"இது என்ன?"

"பூஜ்யம். அதுக்கு யாரும் எதுவும் எழுதித் தரல. மூணு நாளா கொஞ்சப் பேருக்கு இப்படியேதான் போயிட்டிருக்கு. வாரியத்துலேர்ந்து வந்ததுலயே இதுதான் நேர்மையான கடிதம்னு ஒருத்தர் பதில் போட்டிருக்கார்."

"காலித்தாள்ல கையெழுத்தா?" மாமியாருக்கு முகம் சிவந்துவிட்டது. குழியில் விழுந்தபோதுகூட அவருக்கு இத்தனை கோபம் வரவில்லை. "முப்பத்தொரு வருஷத்துல ஒரு தடவைகூட நான் அதுக்கு விட்டதில்ல. உக்காருங்க. சொல்றதை அடிங்க."

அவர் சொல்ல அவன் அடித்தான். "'தங்கள் புகார் குறித்து இனி வருந்துவதற்கு எதுவும் இல்லை. குழிக்கு இன்றே மூடி போடப்படும்.' கீழே ஒரு வரி விட்டு, 'நகல்: பராமரிப்புப் பிரிவு, உடனடி நடவடிக்கைக்காக.'"

"நகல் எதுக்கு அத்தை?"

"நகல் போடாத கடிதத்தை எந்த ஆபீஸ்ல மதிச்சாங்க?"

அதை அவன் முறையாகவே செய்தான். பூஜ்யத்துக்கான வாசகம் என்று கோப்பில் வைத்து மேலே அனுப்பினான். 'பார்த்தேன்' என்று வந்தது. ஏற்றிவிட்டான்.

பராமரிப்புப் பிரிவு நகரத்தின் கடைசியில் ஒரு தகரக் கொட்டகை. ஒரு மேஸ்திரி, பதினாலு ஆட்கள், ஒரு லாரி. கொட்டகைக்குப் பின்னால் புல் முளைத்த திடலில் ஆயிரக்கணக்கில் இரும்பு மூடிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. அவற்றைப் போடச் சொல்லி நாலு வருடமாக ஒரு உத்தரவும் வரவில்லை. அன்று காலை அச்சுப்பொறி திடீரென்று உயிர்பெற்று நகல்களைக் கக்க ஆரம்பித்தது. மேஸ்திரி முதல் தாளை மூன்று தடவை படித்தார். முத்திரை இருந்தது, கையொப்பம் இருந்தது, 'உடனடி' என்றும் இருந்தது. லாரியைக் கிளப்பினார்கள்.

மாமியாரின் வருத்தம் பூஜ்யத்துக்கு வந்த நாள் காலை பதினோரு மணிக்கு லாரி தெருவுக்குள் நுழைந்தது. இரண்டு பேர் மூடியை உருட்டி வந்து, விளிம்பைச் சுரண்டித் துடைத்து, இறக்கினார்கள். 'டங்' என்ற சத்தம் முன்னறை வரை கேட்டது. மொத்தம் ஏழு நிமிடம்.

"இவ்வளவு நாளா எங்கய்யா இருந்தீங்க?" என்று ஜன்னலிலிருந்து கேட்டார் மாமியார்.

"கொட்டகையிலதாம்மா இருந்தோம்" என்றார் மேஸ்திரி. "ஆர்டர் வந்தா போடுவோம். வரல, போடல."

மூன்று வாரத்தில் புகார் வந்த குழிகளெல்லாம் மூடப்பட்டன. வாரியத்துக்கு விஷயம் தெரியவந்ததும் அவசர விசாரணை கூடியது. புரோகிராமரையும் மேஸ்திரியையும் அழைத்து நிற்க வைத்தார்கள்.

"போன மாசம் ஒரு நாளைக்கு நானூறு புகார்" என்றார் தலைவர். குரல் தழுதழுத்தது. "இப்ப ஒன்பது. வருத்தப் பிரிவுல அறுபத்திரண்டு பேர், வருந்த ஆள் கிடைக்காம உக்காந்திருக்காங்க. மக்களுக்கும் நமக்கும் இருந்த தொடர்பே அறுந்துபோச்சு."

சட்ட ஆலோசகர் பென்சிலை நீட்டினார். "மூடினதுதான் பெரிய தப்பு. இதுவரைக்கும் திறந்திருந்ததுன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுச்சு."

புரோகிராமர் கோப்பைத் திறந்து தலைவரின் சுருக்கொப்பத்தைக் காட்டினான். தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"'பார்த்தேன்'னுதானே எழுதியிருக்கேன்? 'படிச்சேன்'னு எழுதலையே."

முறையான ஒப்புதல் கிடைக்கும் வரை எல்லா மூடிகளையும் மறுபடி எடுத்துவிடுவது என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"எடுத்துடுறேன் சார். எழுத்துல குடுங்க."

தலைவர் தலைமைப் பொறியாளரைப் பார்த்தார். தலைமைப் பொறியாளர் சட்ட ஆலோசகரைப் பார்த்தார். சட்ட ஆலோசகர் பென்சில் முனையைப் பார்த்தார். குழியைத் திறக்கச் சொல்லும் தாளில் பெயரைப் போட அங்கே யாருக்கும் கை வரவில்லை. எதிலும் மாட்டிக்கொள்ளாமல் அத்தனை வருடம் உத்தியோகம் பார்த்தவர்கள் அவர்கள்.

கடைசியில் தலைவரின் முகம் மலர்ந்தது. "தம்பி, ஒரே கோட்டுல ஒன்பது குமிழ் வைங்க. ஒன்பது அதிகாரி, ஆளுக்குக் கொஞ்சம் இழுப்போம். எல்லாருமா சேர்ந்து நூறு வந்தா மூடியை எடுக்க உத்தரவு போகட்டும். எடுக்கச் சொன்னது யாருன்னு யாராலயும் சொல்ல முடியாது. செய்யலாம்ல?"

ஒரே கோட்டில் ஒன்பது குமிழ். ஒன்றை ஒன்று தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் இழுத்தால் எந்த விரல் எந்தக் குமிழுக்கு என்று பிரித்தறிய வேண்டும். எப்படி எழுதுவது என்பது நின்ற நிலையிலேயே அவன் தலைக்குள் ஓடி முடிந்துவிட்டது. விரல்கூட ஊறியது.

"முடியாது சார்" என்றான்.

"ஏன்?"

"ஒரு கோடு ஒரு குமிழைத்தான் தாங்கும் சார்."

அந்த ஆறு மாதத்தில் அவன் அங்கே சொன்ன ஒரே பொய் அது. அதிகாரிகள் எல்லாரும் அதைக் குறித்துக்கொண்டார்கள். ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. வாரியம் அதற்குப் பன்னிரண்டு வருந்தியது.

ஸ்லைடரை நிறுத்தவும் ஒரு கையொப்பம் வேண்டியிருந்ததால் அது ஓடிக்கொண்டே இருந்தது. வேறு வேலை தேடிக்கொண்டு அவன் வீட்டில் இருந்த நாட்களில் மாமியாருக்கு, எலும்பு கூடாமல் மறுபடி மறுபடி போட்டிருந்த மாவுக்கட்டை ஒருவழியாகப் பிரித்தார்கள். கைத்தடியோடு நடந்து பழக வேண்டும் என்றார் மருத்துவர். முதல் நாளே பக்கத்துத் தெருவில் ஒரு திறந்த குழி அவர் கண்ணில் பட்டது. அந்த வழியாக லாரியில் போன மேஸ்திரியை நிறுத்தி, இதை ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்டார்.

"இதுக்குப் புகாரே வரலம்மா. நாங்களா போட்டா எங்களுக்கு மெமோ."

மாமியார் வீட்டுக்கு வந்து கணினியின் முன் உட்கார்ந்தார். விசைகளைப் பழைய பழக்கத்தில் ஓங்கி ஓங்கித் தட்டியதில் மேஜை ஆடியது. வாரியம் அந்தக் குழிக்கு நாற்பது வருந்தியது. இருபதாம் நாள் மூடி வந்தது. அதற்குப் பிறகு தினமும் மாலையில் நடைப்பயிற்சிக்கு ஒரு புதிய தெரு. மாமியார் கைத்தடியால் சுட்டிக்காட்ட, மாப்பிள்ளை குறித்துக்கொள்வான். திரும்பி வந்து அடிப்பார்கள். ஒரு நாள் மட்டும் பதினேழு புகார். வருத்தப் பிரிவில் அறுபத்திரண்டு பேருக்கும் கை நிறைய வேலை. மக்கள் மறுபடியும் வாரியத்தை நாடி வரத் தொடங்கிவிட்டார்கள் என்று தலைவர் ஆண்டறிக்கையில் நெகிழ்ந்து எழுதினார்.

"இருட்டிக்கிட்டு வருது அத்தை. மழை வரும் போலிருக்கு. இன்னைக்குப் போதும்."

"அந்த முனை வரைக்கும் பாத்துட்டு வந்துடலாம் மாப்பிள்ளை" என்று தடியை ஊன்றி முன்னே நடந்தார் மாமியார். "அங்க பள்ளிக்கூடம் ஒண்ணு இருக்கு."